சயாம் ரயிலும் என் மேசையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இனிமேல் என் கையெழுத்தைக் குறை சொல்ல முடியாது!

மாதிரி ரயில் கட்ட வேறு பாதையே கிடைக்கவில்லையா, போயும் போயும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்தானா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காகச் செய்தால்கூட நாலே முக்கால் கிலோமீட்டர் வரும். அதனால் சயாம் பக்கம் வாம்ப்போ என்ற இடத்தில் குவாய் நொய் ஆற்றோரமாகப் பாறையை ஒட்டி வளைந்து போகும் மரப்பாலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் போய்ப் படம் எடுக்கும் காஞ்சனபுரி இரும்புப் பாலம் வேண்டவே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அதன் இரும்பு ஜாவாவிலிருந்து கழற்றி வந்தது. வாம்ப்போவில் ஒவ்வொரு காலும் கையால் தூக்கி நிறுத்தியது. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் மரக்குச்சி வெட்டி, அடியில் அகன்று மேலே குறுகும்படி ஒட்டுகிறேன். பாறைக்கும் ரயிலுக்கும் ஒரு விரற்கடை இடைவெளிதான். இன்றைக்கும் அங்கே ‘நாம் தோக்’ என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஜன்னல் வழியே கையை நீட்டினால் பாறை தட்டும்.

இன்ஜின் சி56 என்ற ஜப்பானிய நீராவி இன்ஜின். ஜப்பானில் 1067 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடியதை மீட்டர் கேஜுக்கு (1000 மில்லிமீட்டர்) மாற்றி, 90 இன்ஜின்களை அனுப்பினார்கள். அந்த 67 மில்லிமீட்டர் வித்தியாசம் என் மேசையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டுக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளமே போதும். இன்ஜினுக்குப் பின்னால் எரிபொருள் ஏற்றும் டெண்டர் பெட்டியில் விறகு அடுக்கிவிட்டேன்.

காலத்தை முடிவு செய்வதுதான் இழுத்தது. இந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் ஜப்பானியரிடம் பிடிபட்ட போர்க்கைதிகள். இரண்டு பக்கமிருந்தும் வந்த பாதை 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தது. பலரும் கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ் ஆட்களில் ஏராளமானோர் அப்புறமும் அங்கேதான் கிடந்தார்கள். விறகு வெட்டவும், மண் சரிந்த இடத்தையும் குண்டு விழுந்த இடத்தையும் செப்பனிடவும் ஆள் வேண்டுமே. அதனால் 1944 என்று வைத்துக்கொண்டேன். ரயிலும் ஓடும், அவர்களும் இருப்பார்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் பாதையை ஓட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

கடையில் சிப்பாய் பொம்மை எந்த நாட்டுக்காரன் வேண்டுமானாலும் கிடைக்கிறான். வேட்டியை மடித்துக் கட்டிய தோட்டத் தொழிலாளி மட்டும் இல்லை. விரல் நகத்தளவு உயரமுள்ள பொம்மைகளின் கால்சட்டையைச் சுரண்டி, புட்டிப் பசை வைத்து நானே வேட்டி கட்டிவிடுகிறேன். இறந்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. பட்டியல்கூடக் கிடையாது.

அடுத்து அவர்கள் தங்கிய அத்தாப்புக் (ஓலை) கொட்டகை. உன் பெரியப்பா சயாமைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நீ எழுதிவைத்த நோட்டு இன்னும் இருக்கிறதா? படுக்கும் மூங்கில் பரண் எந்த உயரம், அடுப்பு உள்ளேயா வெளியேயா என்று அதில் இருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. அதற்காகப் பலகையில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி