ஒதுங்குவது வேறு, ஓடுவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குத்துச்சண்டைக் கட்டுரையைப் படித்தேன். ‘அடி வாங்காமல் ஜெயிப்பதிலேயே குறியாக இருப்பவனைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்?’ என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். எடுத்திருக்கிறார்கள், ஐயா. எல்லோருக்கும் எடுக்கவில்லை, சிலருக்கு எடுத்தார்கள். அந்தச் சிலர் யார், ஏன் என்ற பக்கமே கட்டுரை போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஷகூர் ஸ்டீவன்சனை அவர் உதாரணம் காட்டியதில் தப்பில்லை. 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் எட்வின் டி லாஸ் சான்டோஸுடன் அவர் மோதியது நல்ல தூக்க மருந்து. பன்னிரண்டு சுற்றில் இருவருமாகச் சேர்ந்து ஆளின் மேல் இறக்கிய குத்துகள் 105. நிமிடத்துக்கு மூன்று கூடத் தேறாது. அரங்கம் ஊளையிட்டது. தற்காப்பு ஆட்டத்துக்கு எப்போதும் வக்காலத்து வாங்குகிற நானே எட்டாவது சுற்றில் கைபேசியை நோண்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் அதே ஸ்டீவன்சன் 2025 ஜூலையில் நியூயார்க்கில் வில்லியம் செப்பெடாவுடன் ஆடியதைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்? செப்பெடா கை ஓயாத ஆள், அடைமழை மாதிரி குத்திக்கொண்டே வருவார். ஸ்டீவன்சன் அன்று பின்னால் போகவில்லை. மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றுகொண்டு, வந்த குத்தைத் தோளில் வாங்கி வழியவிட்டு, தலையை ஒரு விரற்கடை சாய்த்து, திருப்பி வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் தானும் சிலது வாங்கினார். மூன்று நடுவர்களும் தாராளமான வித்தியாசத்தில் அவருக்கே பட்டத்தைக் கொடுத்தார்கள். ஆளும் அதே ஆள், கையிலிருந்த வித்தையும் அதேதான். நின்ற இடம் மட்டும் மாறியது.

குத்து எட்டும் தூரத்தில் நின்று தப்பிக்கிறவனை ரசிகன் கண் கொட்டாமல் பார்ப்பான். எட்டாத தூரத்தில் நின்று தப்பிக்க என்ன வித்தை வேண்டும்? என் கட்சி அவ்வளவுதான்.

அர்ஜென்டினாவின் நிகோலினோ லோச்சேயைப் பாருங்கள். 117 வெற்றிகள், அதில் நாக் அவுட் வெறும் 14. கட்டுரையாளர் கணக்குப்படி அவர் ஆட்டத்துக்கு ஈ காக்கை வந்திருக்கக் கூடாது. பியூனஸ் அயர்ஸின் லூனா பார்க் அரங்கமோ அவர் பெயரைச் சொன்னாலே நிரம்பியது. கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு கயிற்றில் சாய்வார். ‘இதோ, அடி’ என்பதுபோல முகத்தை நீட்டுவார். குத்து வந்து சேரும்போது முகம் அங்கே இருக்காது. 1968 டிசம்பரில் டோக்கியோவில் உலக சாம்பியன் பால் ஃபூஜி ஒன்பது சுற்று காற்றைக் குத்திக் குத்திக் களைத்து, பத்தாவதுக்கு முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் களைப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இளம் வயதில் மூன்று வருடம் கையுறை மாட்டியவன் நான், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் சாதிக்கவில்லை. ஒருநாள் பயிற்சியில் என்னைவிட எட்டு வயது மூத்த ஓர் அண்ணனோடு மூன்று சுற்று விட்டார்கள். குத்து பட்டால் கை அங்கேயே நின்றுவிடும். படாமல் போனால் அந்த வேகத்தை நம் தோளே பிடித்து நிறுத்தியாக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பும், கால் பின்னிக்கொள்ளும். அவர் தன் முன்காலை என் முன்காலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, அடிப்பதுபோலத் தோளை மட்டும் அசைப்பார். நான் கையை ஓங்குவேன், ஆள் அங்கே இருக்கமாட்டார். இரண்டாவது சுற்று முடிவதற்குள் கையுறை செங்கல் மாதிரி கனத்தது. அவர் என்னைத் தொட்டதே நாலைந்து தடவைதான். இறங்கி வந்தால் கீழே நின்ற பையன்கள், “அண்ணன் ஒண்ணுமே பண்ணலையேடா” என்கிறார்கள்! நான் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றேன்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற பையன்களுக்கே தெரியவில்லை என்றால் தொலைக்காட்சியில் பார்ப்பவரை என்ன சொல்வது? மேலிருந்து காட்டும் கேமராவில் அந்த விரற்கடை தெரியாது. கீழே விழுந்தவனை ஸ்லோ மோஷனில் ஆறு தடவை காட்டுகிறார்கள். காதோரம் போன குத்தை ஒரு தடவை காட்டினால் என்ன குறைந்துவிடும்?

கியூபா வீரர் கில்லர்மோ ரிகோண்டோ கதை இன்னும் மோசம். 2000, 2004 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் நோனிடோ டொனேரை எதிர்கொண்டார். பத்தாவது சுற்றில் கீழே விழுந்தும் பதற்றப்படாமல் எழுந்து வந்தார். கடைசிச் சுற்றில் டொனேர் வீங்கிய கண்ணைக் கையுறையால் மறைத்துக்கொண்டு நின்றார். அப்படி ஜெயித்தவரைத் தொலைக்காட்சிக்காரர்களிடம் விற்க முடியவில்லை என்று ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் புரொமோட்டர் பாப் ஆரம் பகிரங்கமாகவே புலம்பினார். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ரிகோண்டோவிடம் ஒரு பழக்கம் உண்டு: அழகான இடக்கைக் குத்து ஒன்றை இறக்கிவிட்டு, அந்தச் சுற்றுக்கு அது போதும் என்று விலகிப் போய்விடுவார். அங்கேதான் ரசிகன் கை நழுவிப் போனான்.

தற்காப்புக்குப் பேர்போன அமெரிக்கர் ஃபிளாய்ட் மேவெதரை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பேன். 2015 மே 2 அன்று பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவோவோடு அவர் மோதியதை அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பேர் காசு கட்டி வீட்டில் பார்த்தார்கள். அவர் அடி வாங்குவதைப் பார்க்கவே கட்டியவர்கள் அதில் எத்தனை பேரோ! ரிங்கில் கஞ்சன், ரிங்குக்கு வெளியே வாய்வீச்சு. அந்த வியாபாரம் எல்லோருக்கும் கைவராது. மறுநாள் ‘ஏமாந்துவிட்டோம்’ என்று திட்டியவர்கள் அவருடைய அடுத்த ஆட்டத்தையும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உக்ரைனின் விளாடிமிர் கிளிட்ச்கோ? எதிராளியைக் கட்டிப்பிடித்தே காலத்தை ஓட்டிய அந்த ஆட்டத்தை நான் ரசித்ததில்லை. ஆனால் ஜெர்மனியில் கால்பந்து மைதானங்களே அவருக்காக நிறைந்தன. அதிக எடைக்காரர்கள் மோதும் ஹெவிவெயிட்டில் அந்த வலது நேர்க்குத்து எப்போது கிளம்பும் என்று தெரியாதே, அதற்காகக் காத்திருக்கலாம் போல.

கட்டுரையோடு போட்டிருந்த மூன்று படங்களிலும் யாரோ ஒருவர் தரையில் மல்லாந்து கிடந்தார். அடுத்த முறை இந்த விஷயத்தை எடுத்தால், தவறிப்போன குத்தின் படம் ஒன்றையாவது போடுங்கள். அடித்தவன் முகம் அதில் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்