அப்பாவுக்கு, மபிரா காட்டோரத்திலிருந்து

லுகாசி பக்கம், உகாண்டா
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எழுதிய கடிதத்தைப் பாப்பா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். எழுத்து முன்னைவிடக் கொஞ்சம் நடுங்குகிறது. பொள்ளாச்சிக்குப் போய்க் கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினீர்களா? "ரெண்டு வரியாவது எழுதச் சொல்லு" என்று அம்மா சொன்னதைப் படித்ததும் மனது கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து உடனே உட்கார்ந்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன்.

குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிறேனா என்று அம்மா கேட்டிருக்கிறாள். இந்த ஊர் பூமத்திய ரேகையை ஒட்டி இருந்தாலும் உயரம் ஏறக்குறைய நம் வால்பாறை அளவுதான், மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். அதனால் வெயில் கொளுத்துவதில்லை, ராத்திரியில் போர்வை வேண்டும், அட்டகட்டிக் குளிர் அளவுக்கு இல்லை. செப்டம்பரில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நம் எஸ்டேட் லைன் வீட்டில் அம்மா அடுப்படியில் இருந்து கத்திக் கூப்பிடுவாளே, அதே சத்தம்தான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வாழைக்காயை உரித்து வாழை இலையில் பொதிந்து வேகவைத்து மசிக்கிறார்கள், மட்டோக்கே என்று பெயர். நிலக்கடலையை அரைத்துக் கொதிக்கவைத்த குழம்பை அதன் மேல் ஊற்றித் தருவார்கள். முதலில் எனக்கு இறங்கவில்லை, இப்போது அது இல்லாமல் முடியாது. அரிசியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் மக்காச்சோளக் களியும் பீன்ஸும் சாப்பிடுகிறேன். உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அறையும் மாற்றிவிட்டேன், சின்னதுதான், ஆனால் காட்டுக்கு இன்னும் பக்கம். அம்மா இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பாப்பாவிடம் போனில் சொல்லியிருந்தேன். ரொம்ப காலம் காட்டில் வழிகாட்டியாக இருந்தவர். ஒரு பக்கம் கண்ணாடி உடைந்த பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பல் தேய்க்கவே வெளியே வருவார். இந்த மாதம் இங்கே வெட்டுக்கிளி இறங்கும் காலம். ராத்திரியில் பெரிய பெரிய பல்பைப் போட்டு, தகரத் தகடுகளைச் சாய்த்துவைத்து, பூச்சி சறுக்கி டிரம்மில் விழும்படி செய்கிறார்கள். இறக்கையையும் காலையும் பிய்த்து வெங்காயம் போட்டு வறுத்தால் தெருவே மணக்கும். ஊரே தின்னும்போது இவர் மட்டும் தொடமாட்டார். இவருடைய குலமே வெட்டுக்கிளிக் குலம், குலத்துக்குரியதைத் தின்னக்கூடாதாம். ஒரே குலத்தில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், எல்லாரும் அண்ணன் தங்கை முறை. நம் ஊர்ப் பங்காளி முறை மாதிரியே இருக்கிறது என்று சொன்னதிலிருந்து அவருக்கு என் மேல் தனிப் பிரியம்.

அவர்தான் என்னை விடுமுறை நாட்களில் மபிரா காட்டுக்குள் கூட்டிப்போகிறார். கம்பாலாவிலிருந்து ஜிஞ்சா போகும் பெரிய ரோடு இந்தக் காட்டை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. சுமார் 300 சதுர கிலோமீட்டர் காடு. சுற்றிலும் கரும்பும் தேயிலையும்தான். 2007-ல் இதில் கால் பங்கைக் கரும்பு போடக் கொடுக்கப் பார்த்தபோது ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். காடு இன்னும் நிற்கிறது. தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் நம் சோலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் இதைக் கேட்டபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பா, உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த விஷயம் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. நீங்கள் ஏலக்காட்டில் வாட்ச்மேன் வேலை பார்த்தபோது காட்டுவீர்களே, சாம்பல் தலை, மஞ்சள் வயிறு, நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டென்று பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பும் குட்டி ஈப்பிடிப்பான். மரத்துப் பாசியில் கூடு கட்டுமே, அதுதான். அதன் சொந்தக்காரக் குருவி இங்கே இருக்கிறது. முதுகெல்லாம் வெளிறிய வான நீலம், நீள வால். நம் குருவி மாதிரி ஒரே இடத்தில் உட்காராது. இறக்கையைத் தொங்கவிட்டு, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு கிளை நெடுகத் தத்திப் போகும். அந்த அசைவில் இலைக்கடியில் இருக்கும் பூச்சி பதறி வெளியே வர, கொத்திக்கொள்ளும். காட்டு ஓரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும்கூடப் பார்க்கலாம். மழை விட்ட காலையில் ஒரு ஜோடி என் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் மரத்துக்கு வரும்.

இரண்டும் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். பறவைகளைப் படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நீலக்குருவியை ஒரு குடும்பத்திலும் நம் மஞ்சள் குருவியை இன்னொன்றிலும் வைத்திருந்தார்கள். இமயமலையில் மஞ்சள் வயிற்று விசிறிவாலன் என்று ஒன்று உண்டு, அதை வாலைப் பார்த்து விசிறிவாலன் கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். 2005-க்குப் பிறகு மரபணுவைச் சோதித்துப் பார்த்தால் இவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! இப்போது தனிக் குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே ஒன்பது வகைதான். ஆப்பிரிக்காவில் நீலமும் கொண்டையுமாக ஐந்து, தென்னாப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காட்டில் ஆறு கிராம் எடையில் ஒரு பொடியன், இமயமலையில் ஒன்று, பிலிப்பைன்ஸ் பக்கம் முழு மஞ்சளில் ஒன்று, அப்புறம் நம்முடையது. இந்தக் குடும்பத்துக்கு மற்ற ஈப்பிடிப்பான்களைவிட நெருங்கிய உறவு யார் தெரியுமா? நம் பட்டாணிக்குருவி வகையறா! பெரியவருடைய புத்தகத்தில் இருந்ததை நான் திரும்பவும் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். இதைக் கேட்டால் நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் குருவி கத்துவதைப் பெரியவருக்குச் செய்து காட்டினேன், நீங்கள் சொல்லித்தந்த அந்த விசில்தான். முதல் தடவை சரியாக வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை. நம் ஏலக்காட்டு வாசனை, நீங்கள் முன்னால் நடக்க நான் அட்டைக்குப் பயந்து உங்கள் கால் பதிந்த இடத்திலேயே கால் வைத்து வருவது, எல்லாம் ஒன்றாக வந்து தொண்டையை அடைத்துவிட்டது. பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் காட்டில் இருவாச்சிகூட இருக்கிறது அப்பா. கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிதாக இருக்கும். மேலே பறந்தால் இறக்கைச் சத்தம் அப்படியே நம் ஊர்ச் சத்தம். அது கேட்கும்போது நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கேட்க மட்டும் செய்வேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் அம்மாவுக்கு 58 முடிகிறது. ரிட்டையர் ஆனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதை நினைத்துத்தான் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்று பாப்பா எழுதியிருக்கிறாள். இப்போதே செய்ய வேண்டியது, அம்மாவின் பிறந்த தேதி பி.எஃப். கணக்கிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாப்பாவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். பி.எஃப். பணத்துக்கு 19-ம் நம்பர் படிவம், மாதப் பென்ஷனுக்கு 10டி. கிராஜுவிட்டி வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் வரும். அம்மா பேர் பதிந்த வருஷத்தை ஆபீசில் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அலைச்சல்.

அங்கலக்குறிச்சியில் இடம் வாங்கலாம் என்று மாமா சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளித்தான் வரும், இங்கே சம்பளம் போடுவதில் ஏதோ தாமதம், எல்லாருக்கும்தான். பாப்பாவின் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அது முதலில் வரும். கூட்டுறவுச் சங்கத்து நகையை இப்போது திருப்ப வேண்டாம், வட்டி மட்டும் கட்டினால் போதும்.

அப்பா, சங்கரன்கோவில் போய்ச் சித்தப்பாவைப் பாருங்கள். தாத்தா வீட்டில் உங்கள் பங்கு இன்னும் உங்கள் பங்குதான், பட்டாவிலும் உங்கள் பெயர் இருக்கிறது. கோவில் கொடையில் நடந்த பேச்சை நீங்கள் இன்னும் மறக்கவில்லை, அவரும் மறந்திருக்க மாட்டார். ஆனால் போன மாதம் சித்தி எனக்குப் போன் செய்தார். "உங்கப்பா கால் எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். பின்னால் இருந்து சித்தப்பா ஏதோ சொன்னது எனக்குக் கேட்டது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்னால் போனால் நல்லது. தனியாகப் போக வேண்டாம், பாப்பாவுக்கு லீவு விட்டதும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், காலை மடக்காமல் வையுங்கள். பட்டா நகலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். போன உடனே எடுத்து நீட்டிவிடாதீர்கள், முதலில் சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. பாப்பா பரீட்சைக்கு நன்றாகப் படிக்கட்டும்.

உங்கள் மகன்