பாபநாசம் படித்துறைக்குத் துணித் தொட்டிகள் கோரி மனு

அனுப்புநர்:
கல்யாண தீர்த்தத்துக்கு நடந்து செல்லும் அன்பர்கள்,
அம்பாசமுத்திரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: பாபநாசத்தில் பரிகாரத் துணிகளை ஆற்றில் விடாதிருக்க ஏற்பாடு செய்தல், மலையேறுவோருக்கு எச்சரிக்கைப் பலகை வைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

அகத்தியர் அருவிக்கும் அதற்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்துக்கும் ஏறும் நாங்கள், தாமிரபரணியில் முங்கி எழுந்து, உலகம்மையையும் பாபநாசநாதரையும் கும்பிட்ட பிறகே மலைப்பக்கம் திரும்புவோம். சிவன் பார்வதி திருமணத்தின்போது உலகைச் சமன்செய்யத் தெற்கே வந்த அகத்தியருக்கு இறைவன் மணக்கோலம் காட்டிய தலம் இது. இந்திரனின் பாவமே இங்குதான் தீர்ந்தது என்பது ஐதீகம். அந்த நம்பிக்கையோடு வருவோர் பரிகாரம் முடித்து, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீர் வற்றும் நாள்களில் அந்தக் காட்சியைக் காண மனம் பொறுக்கவில்லை. கடைசிப் படிக்குக் கீழே, பாறை இடுக்கில் சேலைகள் முறுக்கிக்கொண்டு, பாசி பிடித்து, மணலேறிக் கனத்துக் கிடக்கின்றன. இழுத்தால் பாதி கிழிந்து கையோடு வருகிறது. மீதி அசைவதே இல்லை. முங்கும் முதியவர்களின் காலில் சுற்றினால் என்ன ஆகும்? நெல்லை, தூத்துக்குடி மக்கள் குடிப்பதும் இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

பரிகாரத்தைத் தடுக்குமாறு நாங்கள் கேட்கவில்லை. ஈரத்துணியைப் போட கரையிலேயே போதிய தொட்டிகளும், பெண்கள் உடை மாற்ற அதன் அருகிலேயே மறைவான அறையும் வேண்டும். தொட்டிகள் அன்றாடம் காலியாக வேண்டும். நிரம்பி வழிந்தால் துணி மறுபடி ஆற்றுக்கே போகும். சடங்கு செய்துவைக்கும் புரோகிதர்களைத் தாங்கள் அழைத்துப் பேசினால் பெரும் பயன் கிடைக்கும். "தொட்டியில் விடுங்கள்" என்று அவர்கள் சொன்னால் யாரும் தட்டமாட்டார்கள்.

இன்னொன்று. 1925-இல் சேரன்மாதேவி குருகுலத்தை நடத்திவந்த வ.வே.சு. ஐயர், தம் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர்நீத்தது இந்த அருவிப் பகுதியில்தான். கோயிலுக்கு வந்த கையோடு குழந்தைகளை அழைத்துக்கொண்டு மேலே ஏறும் வெளியூர்க் குடும்பங்களுக்கு அங்குள்ள கசங்களின் (நீர் தேங்கும் ஆழமான மடுக்களின்) ஆழம் தெரிவதில்லை. இறங்கக்கூடாத இடங்களையும், புலிகள் காப்பகப் பகுதிக்குள் அனுமதிக்கும் நேரத்தையும் படித்துறையிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டுகிறோம்.

ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்பாகவே இவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்