நமது கடல்நீர் மீன்தொட்டிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பின்படி, இவ்வாண்டில் சங்கம் ஆற்றிய பணிகளைப் பற்றிய அறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் 11 நடைபெற்றன. ஒரு மாதம் போதிய உறுப்பினர் வராமையால் கூட்டம் கைவிடப்பட்டது. புதிதாகத் தொட்டி வைப்போருக்கான அறிமுக வகுப்பு இரண்டு முறை நடந்தது. இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையையும் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறை) காற்றுக் குமிழிகளையும் கொண்டே கடல்நீர்த் தொட்டியைப் பேணிய முறையை 1961-இல் எழுதி வெளியிட்டது பற்றித் தலைவர் அவர்கள் ஓர் உரை நிகழ்த்தினார். பவளத் துண்டுகளை உறுப்பினர்கள் பரிமாறிக்கொள்ளும் நிகழ்ச்சி ஒரு முறை நடந்தது.

இவ்வாண்டின் உழைப்பிலும் செலவிலும் பெரும்பகுதி சங்கத்தின் மாதிரித் தொட்டிக்கே சென்றது. புதிய விளக்குக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஹீட்டர்களும் தானியங்கி நீர்நிரப்பியும் வாங்கியது ஏன் என்று உறுப்பினர்கள் சிலர் கூட்டத்திலும் கூட்டத்திற்கு வெளியிலும் கேட்டுள்ளனர். அக்கேள்விக்கு முழுமையான விடையைப் பதிவு செய்வது என் கடமை என்று கருதுவதால் இப்பகுதி நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாதிரித் தொட்டி 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உடையது. அதில் ஏறத்தாழ 80 லிட்டரும் கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டியில் 20 லிட்டரும் ஆக 100 லிட்டர் நீர் சுழல்கிறது. இரண்டு கோமாளி மீன்களும் சில நத்தைகளும் மென்பவளங்களும் அதில் வாழ்கின்றன; ஓர் இறாலும் இருந்தது. புதியவர் ஒருவர் தம் வீட்டில் வைக்கக்கூடிய அளவாக இருக்கட்டும் என்றே இதைத் தேர்ந்தெடுத்தோம். சிறிய தொட்டியைப் பராமரிப்பது எளிது என்று எண்ணித்தான் பலரும் தொடங்குகிறார்கள். பெரிய தொட்டியில் ஒரு வாரம் கழித்துத் தெரியும் தவறு, நீர் குறைவாக உள்ள சிறிய தொட்டியில் ஒரே நாளில் உயிர்களைத் தாக்கிவிடும் என்பதை இவ்வாண்டு நான்கு முறை கண்டோம்.

முதலாவது உப்பளவு. நமது தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகையால் குறைந்த அளவை நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும் என்பது அறிமுக வகுப்பின் முதல் பாடம். பொறுப்பு அட்டவணையில் பெயர் கொடுத்தவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள் வராததால், 6 லிட்டர் குறைந்து, ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பளவு 37-ஐத் தாண்டியது. ஐந்தாம் நாள் வந்த உறுப்பினர் நல்லெண்ணத்துடன், நீரின் அடர்த்தியைக் கொண்டு உப்பளவை அறியும் ஹைட்ரோமீட்டரைப் பார்த்தார்; அது 1.023 என்று, இருக்க வேண்டியதைவிடக் குறைவாகக் காட்டியது. உப்பு குறைந்துவிட்டது என்று கருதி, கலந்து வைத்திருந்த உப்புநீரையே ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தார். மட்டம் கோட்டுக்கு வந்துவிட்டதால் பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. உப்பளவோ ஏறிய நிலையிலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அதுவே நிகழ்ந்தது. இறால் இறந்த பிறகுதான் நான் காரணத்தைத் தேடினேன்.

குற்றம் அந்த உறுப்பினருடையதன்று. ஹைட்ரோமீட்டரின் முள்ளில் உப்புப் படிந்து எடை கூடியிருந்தது. எடை கூடிய முள் தாழ்ந்து நின்று, உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டியது. முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் இதற்கு நேர்மாறாகக் கூடுதலாகக் காட்டும். எனவே ஒளிவிலகலைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கினேன். அதையும் காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு மட்டும் சரிபார்த்துவிட்டு நம்பக்கூடாது. 35 என்ற அளவுக்கே தயாரிக்கப்பட்ட சோதனைக் கரைசலை ஒரு துளி விட்டுச் சரிபார்க்க வேண்டும். நாம் அறிய விரும்பும் அளவுக்கு அருகிலேயே கருவி சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இதன் தொடர்ச்சியாகவே தானியங்கி நீர்நிரப்பி வந்தது. சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில் நீர்மட்டம் குறைந்தால் உணரி அதை அறிந்து, நன்னீர்க் கலத்திலிருந்து சிறு பம்ப் மூலம் நிரப்புகிறது. கலம் ஏன் 10 லிட்டர் மட்டும், பெரியதாக வாங்கியிருந்தால் வாரக்கணக்கில் கவலையின்றி இருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். உணரி பழுதாகிக் கலம் முழுவதும் கொட்டிவிட்டாலும், 100 லிட்டரில் 10 லிட்டர் சேர்ந்து உப்பளவு 32 அளவில் நிற்கும். உயிர்கள் பெரும்பாலும் பிழைக்கும். 30 லிட்டர் கலமாக இருந்தால் 27-க்கு இறங்கிவிடும். உணரிமேல் நத்தை ஏறி அமர்ந்துவிடுவதும் உண்டு என்பதால், மட்டம் வரம்பு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதவை ஒன்றும் மேலே பொருத்தப்பட்டுள்ளது. நிரப்பும் குழாயின் முனை சம்ப்பின் நீரில் மூழ்காமல் மேலேயே நிற்கும்படி கட்டியுள்ளேன். மூழ்கியிருந்து, கலத்தின் நீர்மட்டமும் உயர்ந்திருந்தால், பம்ப் நின்ற பிறகும் நீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். தூய்மை செய்பவர்கள் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது நிகழ்வு மின்தடையின்போது தரையில் நீர் பெருகியது. சம்ப்பிலிருந்து நீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்புக் குழாயின் வாய் தொட்டியின் நீர்மட்டத்திற்கு 5 செ.மீ. கீழே இருந்தது. பம்ப் நின்றதும், ஏற்றிய குழாய் வழியாகவே நீர் கீழிறங்கியது. இத்தொட்டியில் 1 செ.மீ. உயரத்தில் 2.4 லிட்டர் உள்ளது. ஆகவே 12 லிட்டர் இறங்கியது. சம்ப்பில் இருந்த இடமோ 7 லிட்டருக்கு மட்டுமே. எஞ்சிய 5 லிட்டர், தரையில் வைக்கப்பட்டிருந்த மின்பலகையை நோக்கி ஓடியது. அப்போது மின்சாரம் இல்லாமல் இருந்ததால் மட்டுமே விபத்து நேரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நடுக்கம் தீரவில்லை.

ஒருவழி வால்வு போட்டால் போதும் என்ற கருத்து கூட்டத்தில் வலுவாக இருந்தது. கடல்நீரில் அதை நம்ப முடியாது. சிறு நத்தையோ சுண்ணப் படிவோ இடையில் சிக்கினால் வால்வு முழுமையாக மூடாது. ஆகவே வாயை நீர்மட்டத்திற்கு ஒன்றரை செ.மீ. கீழே உயர்த்திப் பொருத்தினேன். இப்போது ஏறத்தாழ 4 லிட்டர்தான் இறங்கும். மின்பலகை சுவரில் உயரத்தில் மாட்டப்பட்டது. ஒவ்வொரு கம்பியும் பலகைக்குக் கீழே ஒரு வளைவு தாழ்ந்து மேலேறுமாறு விடப்பட்டுள்ளது. கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், இணைப்புக்குச் செல்லாது. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் மின்பணியாளரைக் கொண்டு பொருத்தப்பட்டது. இச்செலவுக்குச் செயற்குழுவின் முன்ஒப்புதலைப் பெறவில்லை என்ற குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அடுத்த கூட்டம் வரை அந்த மின்பலகையைத் தரையிலேயே விட்டுவைக்க என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது ஹீட்டர். 200 வாட் ஹீட்டர் ஒன்றே இருந்தது. தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டதால் அது அணையாமல் எரிந்து, 26 பாகையில் இருக்க வேண்டிய நீர் 30 பாகையைத் தொட்டது. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சுவாங்கியதைக் கண்டு ஓர் உறுப்பினர் எனக்கு உடனே தெரிவித்தார். அவருக்கு நன்றி. இப்போது 75 வாட் ஹீட்டர்கள் இரண்டு உள்ளன. ஒன்று அணையாமல் எரிந்தாலும் வெப்பம் மெதுவாகவே ஏறும். ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது ஓரளவு தாங்கும். இரண்டுக்கும் மேலாகத் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று மின்சாரத்தைத் துண்டிக்கிறது. நீர் மாற்றும்போது ஹீட்டர்களை அணைத்துவிடுங்கள் என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது; நீருக்கு வெளியே எரியும் ஹீட்டர் வெடித்துப்போகும்.

நான்காவது, கழிவை நுரையாகத் திரட்டி நீக்கும் ஸ்கிம்மர். நுரை வரவில்லை, பெரியதாக வாங்க வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் பேசப்பட்டது. காற்றுக் குழாயின் நுனியில் உப்புப் படிந்து அடைத்திருந்ததுதான் காரணம். கரிமக் கழிவுகள் நுண்ணிய குமிழிகளின் பரப்பில் ஒட்டித்தான் மேலே வருகின்றன; காற்று குறைந்தால் குமிழி இல்லை, குமிழி இல்லையேல் நுரையும் இல்லை. வெந்நீரைச் சிறிது உறிஞ்சவிட்டதும் அன்று மாலையே நுரை கட்டியது. பம்பின் சுழலியை, பாதி வினிகரும் பாதி நீரும் கலந்ததில் ஊறவைத்துச் சுண்ணப் படிவை நீக்கியதில் இரைச்சலும் நின்றது. இவ்விரண்டுக்கும் சங்கம் செலவிட்டது ஏதுமில்லை.

இனி விளக்கு. பவளங்கள் வாடுவதற்கும் பாசி பெருகுவதற்கும் பழைய விளக்கே காரணம் என்று பலர் கருதினர். நான் முதலில் நீரைச் சோதித்தேன். ஆர்.ஓ. கருவியிலிருந்து அயனி நீக்கும் பிசின் வழியாக வரும் நீரில் டி.டி.எஸ். (கரைந்துள்ள பொருள்களின் அளவு) பூஜ்யமாக இருக்க வேண்டும். மீட்டர் 12 காட்டியது. பிசின் முற்றிலும் நிறம் மாறி, திறன் தீர்ந்துபோயிருந்தது. அதன் வழியாக வந்த பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும்தான் பாசிக்கு உணவாயின. பிசினை மாற்றி, விளக்கு எரியும் நேரத்தை 12 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்து, வாரந்தோறும் 10 லிட்டர் நீர் மாற்றியதில் இரண்டு மாதங்களில் கண்ணாடி தெளிந்தது. அந்த நிலையில் வலிமையான விளக்கை வாங்கியிருந்தால் பாசியைத்தான் வளர்த்திருப்போம். நல்ல விளக்கு வேண்டாம் என்பது என் கருத்தன்று. அதற்குரிய நேரம் இப்போதுதான் வந்துள்ளது. வாங்கினாலும் முதல் சில வாரங்கள் ஒளியைக் குறைத்து வைத்தே தொடங்க வேண்டும், இல்லையேல் பவளங்கள் வெளுத்துவிடும்.

வருத்தத்துடன் சில செய்திகளையும் சொல்ல வேண்டியுள்ளது. சங்கத்தில் 34 உறுப்பினர்கள் உள்ளனர். இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தியவர்கள் 19 பேர். பொறுப்பு அட்டவணையில் கையெழுத்திட்டவர்கள் 16 பேர். ஒரு முறைகூடத் தவறாமல் வந்தவர்கள் ஐவர். உடல்நலக் குறைவும் பணிச்சுமையும் யாருக்கும் நேரக்கூடியவை. வர இயலாது என்ற செய்தி ஒன்று வந்திருந்தால் நான் போயிருப்பேன், அந்த இறால் இறந்திருக்காது. மேலும், மேலே குறிப்பிட்ட ரிஃப்ராக்டோமீட்டரை ஓர் உறுப்பினர் இரண்டு நாட்களுக்கென்று வாங்கிச் சென்று நான்கு மாதங்கள் ஆகின்றன. பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. அது திரும்பி வரும்வரை என் சொந்தக் கருவியையே தொட்டிக்குப் பயன்படுத்தி வருகிறேன். சோதனைக் கரைசலை மட்டும் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகியுள்ளன. உப்பு, சோதனைப் பொருள்கள், கருவிகள், மின்கட்டணம் ஆகியவற்றுக்குச் செலவானது போகச் சிறு தொகை கையிருப்பில் உள்ளது. ஒன்றிரண்டு பற்றுச்சீட்டுகள் நீரில் நனைந்து படிக்க இயலாமல் போனதால், அவற்றைப் பொருளாளர் அவர்கள் என் கையெழுத்தின்பேரில் ஏற்றுக்கொண்டார். விவரங்கள் அவரிடம் உள்ளன.

கூட்டங்களுக்கு இடம் அளித்த உறுப்பினருக்கும், வகுப்புகளை நடத்திய மூத்த உறுப்பினர்களுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் ஆகியோருக்கும், தவறாமல் வந்த அந்த ஐவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் மின்தடையின்போது தானாக இயங்கும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று முதலில் தேவை. விளக்கு அதற்கு அடுத்தது. நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் இரண்டையும் வாங்கலாம். வராவிட்டால் பம்ப் மட்டுமே வாங்க இயலும். செயலாளர் பொறுப்பில் தொடருமாறு சிலர் அன்புடன் கேட்டுள்ளனர். தொட்டியை நாள்தோறும் பார்க்க என் ஒருவனால் இயலாது என்பதையும், இரு துணைப் பொறுப்பாளர்கள் கிடைத்தால் மகிழ்ச்சியுடன் தொடர்வேன் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறேன். அவ்வாறு கிடைக்காவிட்டால், மீன்களையும் பவளங்களையும் உறுப்பினர்களின் தொட்டிகளுக்குப் பிரித்தளிப்பது பற்றி இக்கூட்டம் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

புதிய பொறுப்பு அட்டவணை மேசைமீது வைக்கப்பட்டுள்ளது. முதல் இரண்டு வாரங்களுக்கு என் பெயரை எழுதியுள்ளேன். மூன்றாம் வாரத்திலிருந்து இடங்கள் காலியாக உள்ளன. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்