செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சுங்குடிக் கடைகளின் இணையப் பக்கங்களைத் தேடலில் முன்னேற்றும் பணி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மதுரைச் சுங்குடிச் சேலை உற்பத்தியாளர், விற்பனையாளர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு சங்கம் எடுத்துக்கொண்ட முதன்மைப் பணி, உறுப்பினர் கடைகளின் இணையப் பக்கங்களைக் கூகுள் தேடலில் முன்னேற்றுவது. வரவு செலவையும் சந்தா நிலவரத்தையும் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் இந்தப் பணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு கடையும் தானே செய்துகொள்ள வேண்டிய வேலை இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தேடல் முடிவில் வந்து நிற்பது தளம் அல்ல, தளத்தின் ஏதோ ஒரு பக்கம். "உங்கள் சைட்டை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று மாதக் கட்டணம் கேட்டு வருபவர்களிடம், எந்தப் பக்கத்தை, எந்தத் தேடலுக்கு என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் பணம் தர வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

எந்தப் பக்கத்தில் தொடங்குவது

கூகுள் சர்ச் கன்சோல் என்பது, நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி. அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' அறிக்கையைத் திறந்து, 'பேஜஸ்' பட்டியலில் ஒரு பக்கத்தைச் சொடுக்கி, பிறகு 'குவெரிஸ்' பட்டியலுக்குப் போனால், அந்த ஒரு பக்கம் எந்தெந்தத் தேடலுக்குக் காட்டப்பட்டது என்று தெரியும். மிக அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும். அதனால் கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம். சராசரி இடம் 8 முதல் 20 வரை இருந்து, காட்டப்பட்ட எண்ணிக்கையும் கணிசமாக இருக்கும் பக்கங்களைத்தான் முதலில் எடுத்தோம். கூகுள் அவற்றை ஏற்கெனவே பொருத்தமானவை என்று கருதியிருக்கிறது. கொஞ்சம் திருத்தினால் பலன் கிடைக்கும். 70ஆவது இடத்தில் கிடக்கும் பக்கத்தை ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அதைப் புதிதாகவே எழுத வேண்டும்.

ஒரே தேடலுக்கு ஒரே கடையின் மூன்று நான்கு பக்கங்கள் மாறி மாறி வருவதையும் பல இடங்களில் பார்த்தோம். நிறத்துக்கொரு பக்கம் போட்டு, எல்லாவற்றிலும் ஒரே வர்ணனையை ஒட்டியதன் விளைவு இது. நிறம் மட்டும் மாறும் சேலைகளை ஒரே பக்கத்தில் தேர்வுகளாக வைத்தால் போதும்.

தமிழ் எழுத்தில் இருந்த கோளாறு

இவ்வாண்டு அதிக நேரம் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். வேறு ஊர்க் கையேடுகளில் இது இருக்காது.

பழைய தளங்கள் சிலவற்றில் எழுத்து இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தது. திரையில் 'தமிழ்' என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கூகுள் படிப்பது உள்ளே இருப்பதைத்தான். இப்படிப்பட்ட பக்கத்தைத் தமிழில் தேடி யாரும் கண்டுபிடிக்க முடியாது. சோதிப்பது எளிது: பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் முழுப் பக்கத்தையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள், மாற்றிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடுவதுண்டு.

யுனிகோடில் இருக்கும் பக்கங்களிலும் பிழை உண்டு. 'சௌராஷ்டிர' என்ற சொல் நம் தொழிலில் தவிர்க்க முடியாதது. அதில் முதல் எழுத்தை 'செ' தட்டி 'ள' தட்டிச் சேர்த்தவர்கள் பலர்: செளராஷ்டிர. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள். 'ள' மட்டும் அழிந்து 'செ' நின்றால் பிழை. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' தட்டுவதும் இதே வகைதான். 'காட்டன்' என்று நினைத்து 'கரட்டன்' என்று எழுதியிருப்பது சின்ன எழுத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மூன்றாவது, விலையையும் விவரத்தையும் படத்துக்குள் எழுதிவைப்பது. தீபாவளி அறிவிப்புக்காகச் செய்த சுவரொட்டிப் படத்தையே பக்கமாகப் போட்டால், அதிலுள்ள சொற்களைத் தேடலுக்குரிய சொற்களாக நம்பியிருக்க முடியாது. படம் இருக்கட்டும், அதே விவரம் எழுத்தாகவும் கீழே வர வேண்டும்.

சந்தியைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்தீர்கள். 'சுங்குடிச் சேலை' என்பதே சரி. வாங்குபவர் தட்டுவதோ பெரும்பாலும் 'சுங்குடி சேலை'. பக்கத்தின் உள்ளே இலக்கணப்படியே எழுதுங்கள். தலைப்பை 'சுங்குடி: மதுரைக் கைக்கட்டுச் சேலைகள்' என்பதுபோல் அமைத்தால் ஒற்றும் கெடாது, தேடுபவரின் சொல்லும் தனியாக நிற்கும். ஆங்கிலப் பக்கத்தில் 'சுங்குடி', 'சுங்கடி' என இரு எழுத்துக்கூட்டும் புழங்குகின்றன. ஒன்றைத் தலைப்பில் வையுங்கள், மற்றதை உள்ளே ஓர் இடத்தில் இயல்பாகச் சொல்லுங்கள். இருபது முறை அடுக்கினால் அது சொல் திணிப்பு. கூகுளின் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட ஒன்று.

தலைப்பும் குறிப்பும்

தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரியும் தலைப்பு வரிதான் டைட்டில். அதற்கு இத்தனை எழுத்து என்ற வரம்பைக் கூகுள் வைக்கவில்லை. இடத்தின் அகலத்துக்கு மேல் போனால் காட்டும்போது வெட்டிவிடும். தமிழ் எழுத்து அகலமானது, சீக்கிரம் வெட்டுப்படும். ஆகவே பொருளின் பெயர் முதலில், கடையின் பெயர் கடைசியில். 'ஹோம்', 'நல்வரவு' என்று இருந்த டைட்டில்களையெல்லாம் மாற்றியிருக்கிறோம். டைட்டில் பக்கத்தோடு பொருந்தாவிட்டால் கூகுள் பக்கத்திலுள்ள பெரிய தலைப்பையோ வேறு வரியையோ எடுத்துத் தானே ஒன்றைக் காட்டும். தேடலில் உங்கள் டைட்டில் மாறித் தெரிந்தால் பக்கத்தில் எங்கோ முரண் இருக்கிறது என்று தேடுங்கள்.

டைட்டிலுக்குக் கீழே காட்டுவதற்காக நாம் எழுதும் குறிப்பான மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் தேடுபவர் சொடுக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான். நூல், நீளம், விலை வரம்பு அதில் இருக்கட்டும். தேடுசொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியை நிரப்ப நேரம் செலவிட வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் ஒரு கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும். 'அழகிய, பாரம்பரியமிக்க, தரமான சேலை' என்ற வரி எல்லாக் கடையிலும் இருக்கிறது. அதனால் எந்தக் கடைக்கும் உதவவில்லை. வாங்குபவருக்கு வேண்டியது வேறு: புள்ளி கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்ததா, மெழுகு அச்சா, ஸ்கிரீன் பிரிண்டா? சேலை எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி அதில் சேர்ந்ததா? கரை ஜரிகையா, நூலா? முதல் துவைப்பில் சாயம் இறங்குமா? கைக்கட்டில் நூல் முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி மெல்லச் சுருங்கி நிற்கும், ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. இதை நம்மைவிட நன்றாக எழுதக்கூடியவர் வேறு யார்? அதை எழுதிய பக்கமே நகலெடுக்க முடியாத பக்கம். மாறாக, தேடலில் ஏறுவதற்காக மட்டும் கருவியை வைத்து நூற்றுக்கணக்கில் பக்கங்களை உருவாக்கிக் குவிப்பதைக் கூகுள் 2024 மார்ச் முதல் தனி விதியாகவே தடுத்திருக்கிறது.

துவைக்கும் முறைக்குத் தனிப் பக்கம் எழுதி, ஒவ்வொரு சேலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்பு கொடுங்கள். இணைப்பின் சொல் 'இங்கே சொடுக்கவும்' என்று இருக்க வேண்டாம், 'சுங்குடிச் சேலையைத் துவைக்கும் முறை' என்றே இருக்கட்டும்.

படமும் வேகமும்

கைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். பக்கத்துக்கு 1200 போதும். வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் எடை இன்னும் குறையும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போட வேண்டாம், முடிச்சின் சுருக்கமே அதில் மங்கிவிடுகிறது. படத்தை விவரிக்க அதனோடு சேர்க்கும் ஆல்ட் உரையில் 'படம் 3' என்று எழுதாமல், 'அரக்குச் சிவப்புக் கைக்கட்டு சுங்குடி, வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கரை' என்று காண்பதை எழுதுங்கள்.

பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும். ஏற்றத்தின்போது பக்கம் குதிப்பதை அளக்கும் மதிப்பெண் (சிஎல்எஸ்) 0.1ஐத் தாண்டக் கூடாது. நால்வரில் மூவருக்காவது இது அமைய வேண்டும் என்பது கூகுளின் கணக்கு. நம் பக்கங்களில் கண்ட காரணங்கள் இரண்டு. முகப்பில் சுழலும் படவரிசை ஒன்று. முதல் படத்துக்கும், படத்தைத் தாமதமாக ஏற்றும் 'லேசி லோடிங்' போட்டுவிடுவது மற்றொன்று. அது கீழே இருக்கும் படங்களுக்கு மட்டுமே உரியது. படத்தின் அகல உயரத்தை எழுதிவிட்டால் குதிப்பது பெருமளவு நின்றுவிடும்.

முகவரியும் விற்றுத்தீர்ந்த சேலையும்

பக்கத்தின் இணைய முகவரியைத் தமிழில் வைப்பதில் தவறில்லை. ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ('சு' என்பதில் 'ச' ஒன்று, உகரக் குறி ஒன்று) 9 எழுத்தாக நீள்கிறது. 'சுங்குடி' என்ற ஒரு சொல் 8 குறிகள், ஆக 72 எழுத்து. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், முகவரியில் பக்கத்தின் பெயர் வரும் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் தரும், சுமார் 22 தமிழ்க் குறிகள். அதற்குமேல் பாதிச் சொல்லில் வெட்டிவிடுகிறது. புதிய பக்கங்களுக்குச் சிறிய ஆங்கில எழுத்து முகவரியே நல்லது என்பது செயற்குழுவின் முடிவு. பழைய முகவரிகளை இதற்காக மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் போட்டு, குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள்.

விற்றுத்தீர்ந்து மீண்டும் வரும் சேலை என்றால் பக்கத்தை நீக்காமல் 'இருப்பில் இல்லை' என்று குறியுங்கள். திரும்ப வராது என்றால் பக்கம் இல்லை என்னும் 404 வரட்டும், கெடுதல் இல்லை. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதையும் இல்லாத பக்கமாகவே கணக்கில் கொள்ளும்.

தளம் கட்டியபோது வேர்ட்பிரஸ் 'செட்டிங்ஸ்', 'ரீடிங்' பகுதியில் தேடுபொறிகளைத் தவிர்க்கும் பெட்டியில் டிக் போட்டுவிட்டு, திறப்பு விழாவுக்குப் பிறகும் எடுக்காமல் விட்ட தளங்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

பலனை அளப்பது

மாற்றிய தேதியை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு பக்கத்தில் ஒரே நாளில் பத்து மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. சென்ற மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். பருத்திச் சேலைக்குக் கோடையில் தேடல் கூடும், சித்திரைத் திருவிழாவும் தீபாவளியும் கணக்கைக் குழப்பும். சர்ச் கன்சோல் 16 மாத விவரம் வைத்திருக்கிறது. சென்ற ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். பக்கத்தை மீண்டும் பார்க்கும்படி கூகுளைக் கேட்கும் 'ரிக்வஸ்ட் இண்டெக்சிங்' பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது.

வரும் ஆண்டுக்கு

தளத்தின் முகவரிப் பெயரான டொமைனும் சர்ச் கன்சோல் உரிமையும் தளம் செய்து கொடுத்தவர் பெயரிலேயே இருக்கும் கடைகள் உள்ளன. அவற்றைக் கடை உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு மாற்றுவதே வரும் ஆண்டின் முதல் வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் தளத்தின் ஒரே ஒரு பக்கத்தையும், வாங்குபவர்கள் கடையில் அடிக்கடி கேட்கும் ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். மடிக்கணினியை வைத்து அங்கேயே திருத்துவோம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்