சுகவாழ்வு மையத்துக்கு எங்களை முறையாக அனுப்புங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரச் செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பால்வினை நோய்களுக்கு இலவசமாகப் பரிசோதனையும் சிகிச்சையும் தரும் சுகவாழ்வு மையத்தில் பயிற்சி முடித்த இறுதியாண்டு மாணவி நான். என் தோழிகள் சிலருக்கு இதே பயிற்சி ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிட்டது. பதினைந்து பேர் வெள்ளை யூனிஃபார்மில் போய் நின்றார்கள், லாக் புக்கில் கையெழுத்து வாங்கினார்கள், பஸ் ஏறிவிட்டார்கள். அத்தனை பேர் நிற்கிற அறையில் எந்தப் பெண் தன் உபாதையைச் சொல்வாள்?

பாடப்புத்தகத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளலாம். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியைப் பார்த்து அன்றைக்கே மருந்து கொடுக்கும் முறை இங்கே நடக்கிறது. அதற்கு நிறம் பிரித்த ஏழு மருந்துப் பெட்டிகள் உண்டு: சிறுநீர்க்குழாய், கருப்பைவாய்க் கசிவுக்குச் சாம்பல், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். ஒரு மாலையில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் நோயாளி பெட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "இடுப்பு வலிக்குது சிஸ்டர்" என்று வருகிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், போன மாதம் லீவில் வந்து போனார் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. அதுவும் கதவைச் சாத்திவிட்டு, மாதவிலக்கில் ஆரம்பித்து மெதுவாகக் கேட்டால்தான்.

அதைவிடக் கடினமானது, துணைவருக்கும் மருந்து வேண்டும் என்று சொல்வது. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் தொற்று திரும்பத் தொற்றிக்கொள்ளும். அங்கே ஒரு சிஸ்டர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "யார் மேல தப்புன்னு பார்க்கிற இடம் இல்லம்மா இது. ரெண்டு பேரும் சாப்பிட்டாத்தான் சரியாகும்." இந்த வாக்கியத்தை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதை வகுப்பறையில் கற்க முடியாது. திருநங்கை ஒருவர் வந்தால் அவர் சொல்லும் பெயரிலேயே அழைப்பதும், ஆண் நோயாளி தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது நம் முகம் சுளிக்காமல் இருப்பதும் அப்படித்தான். நம் முகத்தைப் பார்த்துத்தான் அவர் அடுத்த முறை வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

வராவிட்டால் இழப்பு பெரிது. கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்து கவனிக்காமல் போனால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். ஆரம்ப நிலையில் கண்டால் 24 லட்சம் யூனிட் பென்சதின் பென்சிலின், பெரும்பாலும் ஒரே ஊசி போதும். அதை நேரத்தோடு போடவே இத்தனை பொறுமையும்.

பெண் பிள்ளைகளை அங்கே அனுப்பினால் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் உங்களுக்கு இருப்பது தெரியும். பெற்றோர் கூட்டத்தில் நேரடியாகப் பேசுங்கள். பிரசவ வார்டுக்கு அனுப்பச் சம்மதிக்கிறவர்கள் இதற்கும் சம்மதிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கேட்பது இவ்வளவுதான். இரண்டிரண்டு பேராக, குறைந்தது ஒரு வாரம் அனுப்புங்கள். நோயாளியின் சம்மதம் கேட்ட பிறகே மாணவி உள்ளே வரட்டும். வேண்டாம் என்றால் முகம் கோணாமல் வெளியே வரவும் பழக்குங்கள். அப்புறம், நோயாளியைப் பற்றி மாணவி ரெக்கார்டு நோட்டில் எழுதும் கேஸ் ஸ்டடி. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. தேவனாம்பட்டினத்தில் தெருவையும் தொழிலையும் எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அந்த ரெக்கார்டு நோட்டோ விடுதி முழுக்கச் சுற்றுகிறது. சம்மதமில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஊர், தெரு, தொழில் மூன்றையும் நீக்கிய நோட்டுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

அடுத்த பருவத்துக்கான போஸ்டிங் பட்டியல் தயாராகும் முன்பே மைய ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். அங்கே இடம் சிறியது, முன்கூட்டியே சொன்னால்தான் ஒதுக்க முடியும்.

இப்படிக்கு,
கடலூரில் படிக்கும் செவிலிய மாணவி