அந்த உபுண்டு சிடி கிடைச்சுது

மச்சான்,

எப்படிடா இருக்க, வீட்ல எல்லாரும் சுகமா? இங்க டர்பன் சாட்ஸ்வொர்த்ல ஒரு வாரமா மழை விடவே மாட்டேங்குது, அம்மாவுக்கு முட்டி வலி, மத்தபடி நல்லா இருக்கோம். காவடிக்கு ஜோபர்க்ல இருந்து குடும்பத்தோட வந்துடு.

நேத்து கராஜை ஒதுங்க வைக்கும்போது அந்த உபுண்டு சிடி கிடைச்சுதுடா, அட்டை உறையோட! விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல ஓசியா போட்டுக்கலாமே, அதே உபுண்டுதான். கோயிலுக்குப் பின்னால ரூம்ல சனிக்கிழமை தமிழ் கிளாஸ் நடத்துனோமே, யாரோ குடுத்த மூணு பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் வாங்க காசில்ல, நீதான் நெட்ல அட்ரஸ் போட்ட, தபால் செலவுகூட உபுண்டுகாரங்களே குடுத்து அனுப்பிட்டாங்க. மெனு தமிழ்ல வந்ததும் அந்தப் பாட்டி கண்ணாடி போட்டு 'கோப்பு, திருத்து'ன்னு சத்தமா எழுத்துக்கூட்டி வாசிச்சது இன்னும் காதுல இருக்கு.

உபுண்டுவை ஆரம்பிச்ச மார்க் ஷட்டில்வர்த்னா நம்ம தென்னாப்பிரிக்கால எல்லாரும் விண்வெளிக்குப் போனவர்னுதான் சொல்லுவாங்க. 2002ல சுமார் 2 கோடி டாலர் குடுத்து ரஷ்யாவோட சோயுஸ் விண்கலத்துல போனாரு, அங்க போன முதல் ஆப்பிரிக்கர், பெருமைதான். வெல்கம்ல பொறந்த பையன், கேப்டவுன்ல படிக்கும்போதே 1995ல தாட்டேங்கிற கம்பெனி ஆரம்பிச்சு, வெப்சைட் அசல்தானான்னு பிரவுசருக்கு உறுதி சொல்ற சான்றிதழ் வித்து, 1999ல கம்பெனியையே 57.5 கோடி டாலருக்கு வெரிசைன்ங்கிற அமெரிக்கக் கம்பெனிக்குக் குடுத்தாரு. ஆனா எனக்கு அவர் 2004ல செஞ்சதுதான் பெருசு. அந்தக் காசை உபுண்டுல போட்டு கேட்டவங்களுக்கெல்லாம் சிடி அனுப்பினாரே, 2011 வரைக்கும்! உபுண்டுக்கு அடியில இருக்குற டெபியன் சிஸ்டத்துக்கு அந்த ஆளுங்க சம்பளமில்லாம வருஷக்கணக்கா போட்ட உழைப்பு இருக்கு, அவங்களையும் சேர்த்துத்தான் கும்பிடணும்.

நாட்டை விட்டுப் போனவர், வெளிய கொண்டுபோன பணத்துக்குக் கட்டின 25 கோடி ராண்டைத் திருப்பிக் கேட்டு கேஸ் போட்டாருன்னு சித்தப்பாவுக்கு இன்னும் கோபம். 2015ல அரசியலமைப்பு நீதிமன்றத்துல தோத்துட்டாரு, தீர்ப்பு சரின்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த சிடியை மறக்க முடியலடா. உறையைப் பார்த்துட்டு நம்ம பக்கத்து வீட்டு சுலு அம்மா 'இது எங்க வார்த்தையாச்சே'ன்னு சொல்லி, உமுந்து ங்குமுந்து ங்கபந்து, மத்தவங்களாலதான் மனுஷன் மனுஷனாகுறான்னு நமக்குப் புரிய வச்சாங்களே, அன்னைக்கு கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் அதை தமிழ் எழுத்துல எழுதிப் பழகுச்சுங்க.

கிளாஸ் இப்பவும் நடக்குது, பதினோரு பிள்ளைங்க. பழைய லேப்டாப் ரெண்டு இருக்கு, புது உபுண்டு அதுல இழுக்காது, உபுண்டுலயே லேசான வகையான லுபுண்டு ஓடும்னு நினைக்கிறேன். வரும்போது யுஎஸ்பில போட்டு எடுத்துட்டு வா.